கையால் திருகும் பொத்தான்

தையல்காரி அன்று காலையிலிருந்து கையை உயர்த்திப் பிடித்தபடியே நின்றாள். கையில் கைபேசி, கைபேசிக்குள் அவளுடைய வீட்டுக்காரர். அவர் இருந்தது கடல் தாண்டி, வேறு நாட்டில். அங்கே ஒரு பெரிய கட்டுமானக் கம்பெனியில் அவர் மேற்பார்வையாளர். இங்கே தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நீச்சல்குளத்துக்காக வெட்டியிருந்த பள்ளத்தையும் அங்கிருந்தபடியே மேற்பார்வை பார்த்தார். ஆள் வராவிட்டாலும் அதிகாரம் வந்துவிடும் அல்லவா? அதற்கு டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.

"கொஞ்சம் இடது பக்கம் காட்டு. உன் இடது இல்லம்மா, என் இடது."

"எனக்குத் தெரிஞ்சது ஒரே இடதுதாங்க," என்றாள் அவள்.

பள்ளத்துக்குள் இருந்து எலக்ட்ரீஷியன் சிரித்தார். அவரை அந்த வட்டாரத்தில் எல்லோரும் மெயின் என்றுதான் கூப்பிடுவார்கள். பல்பு மாற்றக் கூப்பிட்டாலும் சரி, கரண்டே இல்லாத வீட்டுக்குக் கூப்பிட்டாலும் சரி, வாசலில் நுழையும்போதே "மெயினை அணைச்சாச்சா?" என்று கேட்பார். கேட்டுக் கேட்டு அதுவே பெயராகிவிட்டது. பெண்டாட்டிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"தண்ணியும் கரண்டும் சம்பந்தி மாதிரிக்கா," என்றார் மெயின், சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டுக்கொண்டே. "ஒரே ஊர்ல இருக்கலாம், ஒரே ரூம்ல இருக்கக் கூடாது. பம்பும் போர்டும் அந்த மதிலோரக் கொட்டகையில. அங்கேருந்து எலுமிச்சை மரத்தை ஒட்டி பள்ளம் தோண்டி பைப்புக்குள்ள வயர். தண்ணிக்குள்ள இருக்கற விளக்கெல்லாம் குறைஞ்ச வோல்ட். காங்கிரீட் போடறதுக்கு முன்னாடி இந்தக் கம்பியெல்லாத்தையும் ஒண்ணா எர்த்ல கட்டிடணும். இல்லேன்னா யார் குளிச்சாலும் என் தலைதான் உருளும்."

யார் குளித்தாலும் என்று அவர் சொன்னதில் தையல்காரியின் மனம் குளிர்ந்துபோனது. குளிக்கப் போவது யார் என்று அவளுக்குத் தெரியும். அவளும் வீட்டுக்காரரும்தான். குழந்தை இல்லை என்பது அந்த வீட்டில் எப்போதோ பேசி, அழுது, முடித்து வைத்த விஷயம்.

அவர் வெளிநாடு போகும்போது இந்த ஒரு கான்ட்ராக்ட்தான் என்றார். அது முடிந்ததும் இன்னும் ஒன்று. தையல்காரி பள்ளிப் பிள்ளைகளின் கால்சட்டையில் வளர்த்திக்காகக் கீழே துணி மடித்து விட்டுத் தைப்பாள். மனுஷர் தன் வருடங்களையும் அப்படித்தான் மடித்து வைத்திருந்தார். வேண்டும்போது பிரித்து நீட்டிக்கொள்வார். போன முறை அவள் போனில் வாய்விட்டு அழுதுவிட்டாள். அதற்குப் பிறகுதான் நீச்சல்குளப் பேச்சே வந்தது.

"இங்க பாரு, அழாதே. நம்ம கொல்லைல ஒரு குளம் கட்டறேன். குளம் முடிஞ்சு தண்ணி ரொப்பின உடனே நான் வந்துடறேன். உனக்கு நானே நீச்சல் சொல்லித் தரேன். காலைல எழுந்ததும் ரெண்டு பேரும் இறங்கறோம்."

"எனக்குக் குளிருமே."

"ஹீட்டர் வைப்போம். உனக்காகவே வைப்போம்."

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் கொல்லையில் துணி காயப்போடும் கொடியை அவிழ்த்தாள், மண் லாரிக்கு வழி விட்டாள், தையல் மெஷின் மேலெல்லாம் தூசி படிந்ததைப் பொறுத்துக்கொண்டாள். போதாததற்கு, யாருக்கும் தெரியாமல் நீச்சல் துணி வாங்கி, முழுக்கை வைத்து, முழங்கால் மறைய ஒரு நீச்சலுடை தைத்துக்கொண்டாள். கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. கல்யாணப் பெண்ணுக்கும் வராத வெட்கம் இந்த வயதில் வந்தால் சிரிக்காமல் என்ன செய்வது?

கைபேசிக்குள் இருந்து பட்டியல் வந்துகொண்டே இருந்தது. பம்ப் தானாக ஓட வேண்டும். தண்ணீர் குறைந்தால் தானாக நிரம்ப வேண்டும். குளோரின் தானாகக் கலக்க வேண்டும். மூடி மோட்டாரில் நகர வேண்டும். கொட்டகைச் சுவரில் கேமரா. எல்லாம் தன் போனில் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் தன் போனிலிருந்தே போட, அணைக்க முடிய வேண்டும்.

"ஹீட்டருங்க?" என்று தையல்காரி நடுவில் நுழைந்தாள்.

"ஆமாமா, ஹீட்டருக்கும் ஒரு வயர் இழுத்து வைங்க."

மெயின் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, சட்டைப்பையிலிருந்த பென்சிலால் காதைக் குடைந்துகொண்டே கேட்டார்: "சார், தப்பா நினைக்காதீங்க. இவ்வளவும் நாங்க ஆளில்லாத வீட்டுக்குத்தான் போடுவோம். வருஷத்துக்கு ஒரு தடவை லீவுக்கு வர்ற ஆளுங்க வீட்டுக்கு. நீங்கதான் வந்துடப் போறீங்களே?"

அந்த நேரம் பார்த்து அங்கே இணையம் இழுத்துவிட்டதாம். நல்ல இணையம் அது, ஆளுக்கேற்ற இணையம்!

"அது... நாங்க ரெண்டு பேரும் வெளியூர் கிளியூர் போவோம்ல," என்றது கைபேசி கடைசியில். "அப்போ வேணுமே."

வெளியூர் போவோமாம்! மார்க்கெட்டுக்கு அப்பால் அவரோடு போய் எத்தனை காலமாயிற்று என்று தையல்காரிக்கு நினைவில்லை. ஆனாலும் நம்பினாள். நம்பாவிட்டால் அந்தப் பள்ளத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"எனக்கு ஒண்ணு வேணுங்க," என்றாள். "சமையலறைக்கிட்ட ஒரு சுவிட்ச். கையால போடற மாதிரி."

"உனக்கெதுக்கு? நான் பார்த்துக்கறேன்."

"இருக்கட்டுமே ஒண்ணு."

"வேண்டாம்மா. யாராவது தெரியாம கை வெச்சுட்டா எல்லாம் குழம்பிடும்."

யாராவது. அந்த வீட்டில் இருந்தது அவள் ஒருத்தி. எலுமிச்சை மரம் கை வைக்காது. தையல்காரி கைபேசியைத் தாழ்த்தினாள். கைபேசி இப்போது அவளுடைய செருப்பை மேற்பார்வை பார்த்தது.

மெயினுக்கு இதெல்லாம் புரிந்ததோ இல்லையோ, தொழில் என்று வந்தால் விட்டுக்கொடுக்க மாட்டார். "சார், அது இல்லாம நான் லைன் குடுக்க மாட்டேன். தண்ணிக்குள்ள ஒரு ஆளுக்கு ஏதாவது ஆச்சுன்னா, பக்கத்துல இருக்கறவங்க ஒரே அடில மொத்தத்தையும் நிறுத்தணும். நீங்க அங்கேருந்து ஓடி வருவீங்களா? சமையலறைப் பின்வாசல்ல சிவப்புப் பொத்தான் வைக்கறேன்."

"சரி, வைங்க. ஒரு மூடி போட்டு வைங்க," என்றார் வீட்டுக்காரர் அரைமனதாக.

பொத்தான் வந்தது. காளான் குடைபோலப் பெரிசாக, சிவப்பாக, கண்ணாடி மூடிக்குள். அதைச் சுவரில் மாட்டிய அன்று மெயின் அவளைப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார்.

"இதை அமுக்கினா எல்லாம் செத்துடும்க்கா. பம்ப், விளக்கு, கேமரா, ஒண்ணு மிஞ்சாது. அப்புறம் உலகத்துல எந்த மூலைலேருந்தும் போட முடியாது. இங்க வந்து நின்னு, இப்படிப் புடிச்சு, கையால திருகினாத்தான் திரும்ப உயிர் வரும்."

"சார் போன்லேருந்தும் முடியாதா?"

"சாரோட பெரிய சார் வந்தாலும் முடியாது."

பிறகு காங்கிரீட் ஊற்றினார்கள், ஓடு பதித்தார்கள், தண்ணீர் நிரப்பினார்கள். ஹீட்டருக்கு இழுத்த வயர் மட்டும் கொட்டகைச் சுவரில் வாயில் டேப் சுற்றிக்கொண்டு காத்திருந்தது. ஹீட்டர் பின்னால் வரும் என்றார்கள். வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்கிறீர்களா? லீவு கேட்டிருப்பதாகச் சொன்னார். கேட்டால் கேட்டபடி இருக்கும் லீவு அது.

தண்ணீர் நிரப்பிய அன்று, வெளிச்சம் மங்கும் நேரத்தில், தையல்காரி யாருடைய சட்டைக்கோ பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் ஜன்னலெல்லாம் நீலம். எழுந்து பின்வாசலுக்கு ஓடினாள். குளம் அடியிலிருந்து மேல்வரை எரிந்துகொண்டிருந்தது. அவள் ஒன்றையும் தொடவில்லை. அப்படியென்றால் யார் போட்டது? அவர்தான்! அங்கே இது வேலை நேரம். வேலைக்கு நடுவிலும் வீட்டை நினைத்து, விரலால் ஒரு தட்டுத் தட்டி விளக்கைப் போட்டிருக்கிறார். வாயைத் திறந்து ஆசையாக நாலு வார்த்தை பேச வராத மனுஷர். இப்படியாவது சொல்லத் தோன்றியதே என்று பூரித்துப்போனாள். கொட்டகைச் சுவரில் இருந்த கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

அடுத்த நாள் விளக்கு பச்சை. அதற்கடுத்த நாள் ஊதா. அவளுக்கு விவரம் பிடிபட்டுவிட்டது, அல்லது பிடிபட்டதாக நினைத்துக்கொண்டாள். நீலம் என்றால் மனுஷர் நிம்மதியாக இருக்கிறார். பச்சை என்றால் வயிறாரச் சாப்பிட்டிருக்கிறார். ஊதா என்றால் வீட்டு ஞாபகம். சிவப்பு வந்த அன்று மேலதிகாரியோடு சண்டை போட்டிருப்பார் என்று கவலைப்பட்டு, சரியாகத் தூங்கக்கூட இல்லை. ஊமை கண்ட கனவுக்கு ஊரெல்லாம் அர்த்தம் சொல்லுமாம். இங்கே ஊரும் இல்லை, அவளே கண்டு அவளே அர்த்தம் சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள் போனில் ஜாடையாகக் கேட்டும் பார்த்தாள்.

"விளக்கு ரொம்ப நல்லா இருக்குங்க."

"ம்? நல்லா வருதா? சரி சரி. பம்ப் சத்தம் போடலையே?"

கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அதிலிருந்து அவளுக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. பொழுது சாயும் முன்பே மெஷினை மூடிவிடுவாள். முகம் கழுவி, தலை வாரி, நல்லதாக ஒரு உடுப்பு மாற்றிக்கொண்டு, குளத்தோரம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவாள். விளக்கு எரிந்ததும் கேமராவைப் பார்த்து அன்றைய கதையைச் சொல்வாள். மூலை வீட்டுப் பையன் மறுபடி கால்சட்டையைக் கிழித்துவிட்டான். வாத்தியாரம்மா இளைத்துவிட்டதாக நினைத்து ரவிக்கை இடுப்பைப் பிடித்துத் தைக்கச் சொன்னாள், போட்டால் மூச்சு விட முடியவில்லை. எலுமிச்சை பூத்திருக்கிறது. சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். "எப்போ வருவீங்க?" என்று மட்டும் கேட்கமாட்டாள். போனிலும் கேட்பதை விட்டுவிட்டாள். தினமும் விளக்குப் போட்டு நினைக்கிற மனுஷரைப் போய் நச்சரிப்பார்களா?

ஒருநாள் காலையில் பம்ப் பக்கம் தண்ணீர் கசிந்தது. அவள் கூப்பிட்டதும் மெயின் வந்தார். வாசலில் வழக்கமான கேள்வியைக் கேட்டு, அணைத்து, கழற்றி, வாஷர் மாற்றி மாட்டினார். தையல்காரி டீ போட்டுக் கொடுத்தாள். பேச ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை.

"சார் நேத்து பச்சை போட்டாரு தம்பி. பச்சை போட்டா நல்லா சாப்பிட்டிருக்காருன்னு அர்த்தம்."

மெயின் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "நேத்து பச்சைதானே வரணும். இன்னைக்கு ஊதா. அது புரோகிராம்க்கா. பொழுது இறங்கினா தானா எரியும், நாளுக்கு ஒரு கலர். நான்தான் அன்னைக்கே போட்டு வெச்சுட்டுப் போனேன். சார் அதைத் தொடவே இல்லையே."

தையல்காரி கையில் இருந்த டீத் தட்டைப் பார்த்தாள். "அவர் போடலையா?"

"அவர் எதுக்குப் போடணும்? அதுக்குத்தானே இத்தனை செலவு."

"ஆனா கேமராவுல பார்ப்பாரு."

"அதையா? ஆள் நடமாட்டம் தெரிஞ்சா அவர் போனுக்கு மணி அடிக்கற மாதிரி வெச்சிருந்தேன். தினமும் சாயங்காலம் அடிச்சிட்டே இருக்கு, மீட்டிங்ல தொந்தரவா இருக்கு, நிறுத்திடுங்கன்னாரு. நிறுத்திட்டேன்." அப்போதும் மெயினுக்கு உறைக்கவில்லை. வாயைத் திறந்தவர் முழுசாகவே கொட்டினார். "ஹீட்டரையும் வேண்டாம்னுட்டாரு. கான்ட்ராக்டைப் புதுப்பிச்சுட்டாராமே. குளிக்க ஆளே இல்லாதப்போ எதுக்குத் தண்ணியச் சுட வெச்சுக்கிட்டுன்னாரு. அதுவும் நியாயம்தானே..."

பேச்சு பாதியில் நின்றது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"அக்கா... உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் தெரியும்," என்றாள் தையல்காரி. "மறந்துட்டேன்."

மெயின் மீதி டீயைக் குடிக்காமலே கிளம்பினார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, ஸ்குரூடிரைவரை மறந்துவிட்டதாகச் சொன்னார். அது அவர் பையில்தான் இருந்தது. ஏதாவது என்றால் கூப்பிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

குளிக்க ஆளே இல்லாதப்போ. தையல்காரி மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு பாவாடையை ஓரம் அடித்தாள். முடித்துப் பார்த்தால் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்து அடித்திருந்தாள். பிரித்தாள். பிரிக்கும்போதுதான் அழுகை வந்தது. அவர் வராததற்குக்கூட அவ்வளவு இல்லை. அது பழகிய வலி. நாற்காலி போட்டு உட்கார்ந்து, தலை வாரி, சிரித்து, எலுமிச்சை பூத்ததைச் சொன்னாளே, அது ஒரு மணியாக அவர் பையில் அடித்து, தொந்தரவு என்று அணைக்கப்பட்டிருக்கிறது. அந்த அவமானம்தான் உடம்பெல்லாம் எரிந்தது. தனியாக இருப்பது ஒன்று. தனியாக இருப்பது தெரியாமல் ஒரு துணையோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு இருந்தது இன்னொன்று. அதற்கு எந்தத் தையலும் போட முடியாது.

பொழுது சாய்ந்தது. ஜன்னலில் ஊதா வந்தது, சொல்லி வைத்தாற்போல. சொல்லித்தானே வைத்திருக்கிறது.

அவள் எழுந்து பின்வாசலுக்குப் போனாள். கண்ணாடி மூடியைத் தூக்கினாள். உள்ளங்கையை வைத்து அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

விளக்கு போனது. பம்ப் நின்றது. அது நின்ற பிறகுதான், இத்தனை நாளும் அது ஒரு முனகலாகக் காதோடு இருந்தது தெரிந்தது. தண்ணீர் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு. அவள் வாசல்படியில் உட்கார்ந்து கைபேசியை மடியில் வைத்துக்கொண்டாள்.

வேர்வை துடைக்கும் நேரம்கூட ஆகியிருக்காது. கைபேசி அடித்துவிட்டது.

"என்ன ஆச்சு? எல்லாம் ஆஃப்னு காட்டுது! கரண்ட் இல்லையா?"

"இருக்கு. நான்தான் அணைச்சேன்."

"கை பட்டுடுச்சா? இதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன். இரு, இங்கேருந்து போடறேன்." கொஞ்ச நேரம் விரல் தட்டும் சத்தம். "வரலையே."

"வராது."

"பம்ப் ஓடலேன்னா தண்ணி பாசி புடிச்சிடும்மா. அந்தப் பொத்தானைப் புடிச்சுத் திருகு."

"ஹீட்டர் வேண்டாம்னுட்டீங்களாமே."

இணையம் நன்றாகத்தான் இருந்தது. அவர் மூச்சு விடுவது கேட்டது.

"சொல்லணும்னுதான் இருந்தேன். இந்த ஒரு கான்ட்ராக்ட்... நீ வருத்தப்படுவேன்னுதான்..."

"வருத்தமாத்தாங்க இருக்கு. எலக்ட்ரீஷியன்கிட்ட சொன்னீங்க, என்கிட்ட சொல்லல. தினமும் சாயங்காலம் அந்த விளக்கை நீங்க போடறதா நினைச்சு, நான் தலை வாரிக்கிட்டுப் போய் உட்கார்ந்திருந்தேன். உங்ககிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்."

"எந்த விளக்கு?" என்றார் அவர்.

தையல்காரிக்குத் திட்டக்கூடத் தோன்றவில்லை. உண்மையாகவே கேட்கிறார், பாவம், அவருக்கு உண்மையாகவே தெரியாது.

"எனக்குக் குளம் வேண்டாங்க," என்றாள் மெதுவாக. "நான் குளம் கேட்கவே இல்ல. நீங்க வேணும்னுதான் அழுதேன்."

"சரி, சரிம்மா, அதெல்லாம் பேசலாம். நிதானமா உட்கார்ந்து பேசலாம். முதல்ல அந்தப் பொத்தானைத் திருகு."

"அது கையால திருகணுங்க. வந்து திருகுங்க."

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் கைபேசியைப் படியில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். துணி அலமாரியில் அடியில் இருந்த நீச்சலுடையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தாள். கண்ணாடி பார்க்கவில்லை. குளத்தின் ஆழமில்லாத ஓரத்தில், மெயின் எர்த்தோடு கட்டிக்கொடுத்த கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள். அப்பப்பா, என்ன குளிர்! பல் கிட்டிப்போனது. வாசல்படியில் கைபேசி மறுபடி அடித்தது, நின்றது, திரும்பவும் அடித்தது. ஒரே சாயங்காலத்தில் அவர் இத்தனை தடவை கூப்பிட்டது இதுதான் முதல் முறை. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, அழுதபடியே அவள் இரண்டாவது படியில் இறங்கினாள்.